கார்டுக்கு ஏற்ற வலி

அந்த மழைக்காலம் முழுவதும் என் மகள் ஜெனிட்டா தன் சுடிதார்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண், சிக்கென்று போட ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். ஏற்கெனவே பிடித்த ஒன்றையே மறுபடியும் தையல் மிஷினில் வைத்தபோதுதான் அவள் முதுகைக் கவனித்தேன். தோள்பட்டை எலும்புகள் துணியைத் தள்ளிக்கொண்டு தெரிந்தன.

சாயங்காலமானால் அவளுக்கு லேசாக உடம்பு காயும். காலையில் இருக்காது. விடியும்போது தலையணை உறை ஈரமாக இருக்கும். வலது பக்கம் அடிவயிற்றில் ஒரு வலி வரும், போகும். "பஸ்ஸு குலுக்குதுமா, அதான்" என்பாள். நானும் சரி என்பேன். மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் ஆசிரியை. என் கணவர் சவரிமுத்து சொந்தமாகக் குட்டியானை (சிறு சரக்கு வண்டி) ஓட்டுகிறார். மயிலம் பக்கமிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்றுவார், திரும்பும்போது சிமெண்ட் கிடைத்தால் சிமெண்ட். எங்கள் வருமானத்துக்கு அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. எங்கள் தெருவில் அதற்குக் கார்டு என்றுதான் பெயர். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் கேட்பது "கார்டு எடுக்குமா?" என்ற கேள்வியைத்தான். நோய் என்ன என்று விசாரிப்பது அதற்கு அப்புறம்.

கார்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும் என்னைப் போன்ற தாய் தகப்பன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு திண்டிவனத்திலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தம், சளி, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். என் கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வந்து பாத்துட்டுப் போறதுக்கெல்லாம் கார்டு எடுக்காதுங்க. அட்மிட் ஆனாதான்" என்றார் அங்கிருந்த கம்பவுண்டர். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நோய் என்னவென்று கண்டுபிடிப்பதற்குக் கார்டு உதவாது. படுக்கையில் விழுந்தால் உதவும். அப்படியென்றால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? விழும்வரை காத்திருப்போம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் இலவசம்தானே, அங்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். முன்பெல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தோம். கார்டு வந்த பிறகு எங்கள் தெருவில் அங்கே போவது ஒரு படி இறங்குவதைப் போல ஆகிவிட்டது. "கார்டு வெச்சிக்கினு எவனாவது கியூவுல நிப்பானா?" என்பார் என் கணவர். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. தனியார் ஆஸ்பத்திரியின் குளிர்ந்த கூடத்தில் நாங்களும் உட்காரலாம் என்பதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம், கல்லூரியிலிருந்து வந்தவள் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தவளால் நிமிர முடியவில்லை. என் கணவர் டாக்டரைத் தேடவில்லை. சேகருக்குப் போன் போட்டார்.

சேகர் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கார்டு பிரிவைப் பார்க்கிறவர். எங்கள் தெருவில் எல்லோருடைய போனிலும் அவர் நம்பர் இருக்கிறது. நல்ல மனிதர், இழவு வீட்டுக்கும் வருவார், ஞானஸ்நானத்துக்கும் வருவார். யாருக்கு என்ன வலி என்று டாக்டருக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

என் கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எப்பலேர்ந்து வலி அண்ணா?"

"அது ஆவுதுப்பா ரெண்டு மூணு மாசமா, உட்டு உட்டு. ஜொரமும் அடிக்குது."

"ஐயையோ, அப்டி சொல்லிடாதீங்க. பழைய நோவுன்னா அந்த டெஸ்டு எங்க, இந்த டெஸ்டு எங்கன்னு கேட்டு அப்ரூவலை இழுத்துக்கினே இருப்பாங்க. நேத்து ராத்திரிலேர்ந்து திடீர்னு வலின்னு சொல்லுங்க. அவசர கேஸுன்னா ஜல்தியா வந்துடும். அக்காகிட்டயும் சொல்லி வைங்க. டீச்சரு, உண்மைய பேசிடப் போறாங்க."

மூன்று பேரும் சிரித்தோம். வலியில் சுருண்டு கிடந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிம்மதியில் சிரித்தோம்.

அன்றைக்கே விழுப்புரம் போய்ச் சேர்த்தோம். அறுவை மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டார். "நேத்து ராத்திரிலேர்ந்து சார், திடீர்னு" என்றேன். ஜெனிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

அந்த ஒரு பதிலில் அவளுடைய சாயங்காலக் காய்ச்சல் போயிற்று. ஈரத் தலையணை போயிற்று. பிடித்துத் தைத்த சுடிதார்கள் போயின. மிச்சம் இருந்தது ஒரு வயிற்றுவலி மட்டும். அதுவும் கார்டுக்கு ஏற்ற வலி.

ஸ்கேனில் குடல்வால் (பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தொங்கும் சிறு பகுதி) கொஞ்சம் வீங்கியிருப்பதைப் போல இருக்கிறது என்றார்கள். குடல்வால் அழற்சி என்று எழுதினார்கள். அனுமதி கேட்பதற்கு, நோயாளி படுக்கையில் இருக்கும் படம் வேண்டும் என்று சேகர் போனில் எடுத்துக்கொண்டார். அனுமதி வந்தது. மறுநாள் லேப்பராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை) முடிந்தது. வெட்டி எடுத்ததை என்ன செய்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உடம்பிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகும் நாளில் என்னைச் சுவரோரம் நிறுத்திப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். கார்டில் முழுதும் இலவசமாகப் பார்த்தார்கள், திருப்தி, நன்றி என்று சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்க அக்கா. அழுதுக்கினே சொன்னா மேல திருப்பி அனுப்பிடறாங்க" என்றார் சேகர்.

சிரித்த முகமாகச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

தையல் காய்வதற்கு முன்பே காய்ச்சல் திரும்பிவிட்டது. "ஆபரேஷன் பண்ண ஒடம்பு, இருக்கும்" என்றார்கள். ஒரு துளை மூடாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. கட்டு மாற்ற விழுப்புரம் போனால் அதற்குத் தனியாகக் கட்டணம். அறுவை கார்டில் வரும், அறுவையால் வந்த புண் வராதாம். வாரத்துக்கு வாரம் அவள் இளைத்தாள். கஞ்சியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலி முன்பு இருந்த அதே இடத்தில், முன்பைவிடக் கூடுதலாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய பிறகு மறுபடியும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடியும் ஸ்கேன். அதே அறுவை மருத்துவர்.

"குடல் ஒரு எடத்துல தடிச்சு சுருங்கியிருக்கும்மா. அந்தப் பகுதிய வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துடலாம். கார்டுல வரும், கவலப்படாதீங்க."

"இன்னா நோய் சார் அது?"

"எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்."

"எடுக்காம பாக்கறதுக்கு வழி இல்லையா சார்?"

அவர் கொஞ்சம் பொறுமையாகவே சொன்னார். "கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பண்ணி, துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். அது வெளியிலதான் பண்ணணும், நீங்கதான் காசு கட்டணும். தனியா அதுக்குக் கார்டு எடுக்காது. ஆபரேஷன்னா எல்லாம் சேந்து வந்துடும்."

அவர் பொய் சொல்லவில்லை, மிரட்டவுமில்லை. கார்டின் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதைச் சொன்னார். ஒரு குழாய் விட்டுப் பார்க்கக் கொடுக்காத காசை, என் மகளின் குடலை வெட்ட இந்த ஏற்பாடு கொடுக்கும். பத்தொன்பது வயதுப் பெண்ணின் வயிற்றைத் திறப்பது எங்களுக்கு இலவசம். அவளுக்கு என்ன என்று தெரிந்துகொள்வதுதான் எட்டாத செலவு. இதை யார் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்? தீர்மானித்தவர்கள் தங்கள் பிள்ளைக்கு இந்த வரிசையில் வைத்தியம் பார்ப்பார்களா?

அன்று மதியம் சேகர் போனோடு வந்தார்.

"ஜெனி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு கண்ணு. போட்டோ எடுத்து அனுப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள அப்ரூவல் வந்துடும்."

அவள் திரும்பவில்லை. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, எடுக்காதீங்க."

"இன்னாம்மா, போன தடவ கூட எடுத்தேனே. அழகாதான் விழுந்துது."

"போன தடவ இன்னா நோயின்னு கேக்காம படுத்துட்டேன். இந்தத் தடவ பேரு சொன்னாதான் திரும்புவேன்."

சேகர் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துப் போனார்.

"சின்னப் பொண்ணு, பயத்துல பேசுது. நீயும் அதுக்குத் தாளம் போடாத மேரி. கிடைக்கறத உட்டுட்டா இந்த வருஷம் திரும்ப எடுக்குமோ எடுக்காதோ."

"குடலுங்க அது. வெட்டுனா முளைக்குமா?"

"அவ்ளோ பெரிய டாக்டரு சும்மா சொல்வாரா? ஓசில பாக்கறாங்க, நமக்கு இன்னா நட்டம்?"

"ஓசின்னு சொல்லித்தான் ஒருவாட்டி வெட்டியாச்சு. ஜொரம் போச்சா?"

அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நாற்பத்தெட்டு வயது ஆண், கார்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில், யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதார். அவருக்கும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். கையில் இருந்த ஒரே ஆயுதம் கார்டு. அதைக் கீழே வைக்கச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்?

என் பிடிவாதத்தில், எங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, விழுப்புரத்திலேயே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குட்டியானையின் முன் இருக்கையில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து, நான் பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே கூட்டம் நெருக்கியது. நாற்காலி கிடைக்கவில்லை. வரிசை நகரவில்லை. என் கணவரின் முகமே என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மருத்துவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, களைத்துப் போயிருந்தார்.

"எத்தனை நாளா வலி?"

"திடீர்னு வந்துச்சுங்க மேடம்" என்றேன்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கே கார்டைக் கேட்கவும் இல்லை, அனுமதியும் தேவையில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. எங்கள் வலியை அவர்களுக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுத்துப் பழகிய வாய்.

ஜெனிட்டா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல மேடம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடிலேர்ந்து வலி. தெனம் சாயங்காலம் ஜொரம் வருது. ராத்திரி வேர்த்து ஊத்துது. என் துணி எதுவுமே எனக்கு சேரல. ஆபரேஷனுக்கு முன்னாடியே இதெல்லாம் இருந்துச்சு. நாங்க யாரும் சொல்லல."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அங்க இத சொல்றதுக்கு இன்னா வந்துது உங்களுக்கு?"

என்ன சொல்வது? அப்ரூவல் லேட்டாகும் என்று மறைத்தோம் என்றா? தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்கு மேல் திட்டவில்லை. அன்றே அவளைச் சேர்த்துக்கொண்டார்.

மார்புப் படம், ரத்தம், கடைசியில் நாங்கள்தான் காசு கட்டணும் என்று அங்கே சொன்ன அதே கொலோனோஸ்கோப்பி. அதற்கு முறை வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனோம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கூப்பிட்டாலும் வராத நேரங்கள் உண்டு. ஆனாலும் வெட்டுவதற்கு முன்னால் பார்த்தார்கள்.

பையாப்சி (துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவு வந்தது. குடல் காசநோய். நுரையீரலைப் பிடிக்கும் அதே கிருமி குடலில் தங்கியிருந்தது. இருமலே இல்லாமலும் இருக்குமாம். பல நேரம் குடல்வால் நோயைப் போலவே தோன்றுமாம்.

"ஆபரேஷன் வேண்டாங்களா மேடம்?" என்று கேட்டார் என் கணவர். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவரைப் போல நின்றார்.

"இப்ப வேண்டாம். ஆறு மாசம் மாத்திர. உங்க ஊரு பக்கத்துல இருக்கற சுகாதார நிலையத்துலயே குடுப்பாங்க."

அந்த மாத்திரை எத்தனையோ காலமாக இலவசம். கார்டு எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அது அலமாரியில் இருந்தது. நாங்கள் அதைத் தாண்டி விழுப்புரம் போய், நோய் தெரியாமலே ஒரு அறுவையைச் செய்துகொண்டு, நன்றி சொல்லி வீடியோவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். எடுத்த குடல்வாலைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கலாம் என்றார் அந்த மருத்துவர். பிறகு சேகர் இருக்கும் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். அனுப்பவில்லையாம். கார்டு கொடுக்கும் அறுவைத் தொகுப்பில் அது வராதாம்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. கூப்பிட்டுக் காட்டினாள், பயந்துவிட்டேன். மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்றார் சுகாதார நிலையத்து நர்ஸ். முதல் வாரங்களில் குமட்டல் அதிகம். ஒரு மாதம் கழிந்ததும் ஒரு நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டாள். உடனே அடுப்பைப் பற்றவைத்தேன். துளை மூடியது. பிடித்துத் தைத்த சுடிதார்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

என் கணவர் மட்டும் தெருவில் "குடல்ல புண்ணு" என்றே சொல்லி வைத்தார். டிபி என்றால் கல்யாணம் தடைபடும் என்று பயம். ஜெனிட்டாவுக்கு அது பிடிக்கவில்லை. "திரும்பவும் வேற பேரு வெக்கறீங்களாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் உண்மையான பெயரைச் சொன்னார். கேட்டவர்களில் சிலர் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினார்கள். அது நடந்தது.

கார்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என்னோடு வேலை செய்யும் ஆசிரியையின் கணவர் இன்று உயிரோடிருப்பது அந்தக் கார்டில் நடந்த இதய அறுவையால்தான். நான் கேட்பது வேறு. ஏழைக்கு வெட்டுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள், ஏழை தன் நோயைச் சொல்வதற்கும் அதைக் கேட்பதற்கும் ஏன் ஒதுக்கவில்லை? எங்கள் உடம்பு அறுவை மேசைக்கு வந்த பிறகுதான் உங்கள் கணக்கில் உடம்பா? சேகரைப் போன்றவர்கள் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து வலிக்குத் தேதி மாற்றுகிற நிலையை யார் உண்டாக்கியது?

உங்கள் பிள்ளையைக் கார்டில் சேர்க்கும்போது, வலி எப்போது தொடங்கியதோ அப்போதிருந்து சொல்லுங்கள். அனுமதி தாமதமானால் ஆகட்டும். நோயின் பெயரைக் கேளுங்கள். வெட்டி எடுத்ததை எங்கே அனுப்பினார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

மாத்திரை முடிந்து, மருத்துவர் போதும் என்று சொல்லி, மறுபடி மழை தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். என் கணவரின் கை போனுக்குப் போனது. என் கை அவள் வயிற்றுக்குப் போனது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். "எனக்கு எங்க வலிக்குதுன்னு நான் சொல்றேன், கேளுங்க."

நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். காலையில் என்ன சாப்பிட்டாள், வலி எங்கே தொடங்கியது, எப்படி நகர்கிறது, அந்தப் பழைய வலி எப்படி இருக்கும், இது எப்படி இருக்கிறது. தன் வயிற்றுக்குள் எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதைப் போலச் சொன்னாள். இத்தனை வயதில் ஒருவர் வலியை முடியும்வரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஜன்னலில் வெயில் வந்து, மறைந்து, மறுபடி வந்தது.

"போயிடுச்சா?" என்று கடைசியில் கேட்டேன்.

"கொஞ்சம் இருக்குதுமா" என்றாள். "இருந்துட்டுப் போவட்டும்."